பாழடைந்த வயக்காட்டு வீடு: ஓவியத்தில் விஷயம் விரிசலில் இல்லை

செட்டிநாட்டை வரைவது என்றதும் பெரும்பாலோருக்கு பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையும் உள்ள பெரிய வீடுகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் காரைக்குடியை விட்டு எந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனாலும் இன்னொரு வகை வீடு கண்ணில் படும். மண்சுவர், நாட்டு ஓடு, ஒட்டினாற்போல் மாட்டுத்தொழுவம், முன்னால் நெல் அடித்த களம், பின்னால் கமலை ஓட்டிய கிணறு. மழையையும் கண்மாயையும் நம்பிய பூமி இது. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போக, பெரியவர்கள் காலமாக, வீடு பூட்டியபடியே நிற்கும். பிறகு பூட்டு மட்டும் நிற்கும், வீடு சரியும்.

இப்படிப்பட்ட வீடுகளை வரைகிறவர்கள் இப்போது நிறைய பேர். பார்க்கிறவர்கள் சொல்வதோ இரண்டே வார்த்தைதான். ஒன்று, "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு." இன்னொன்று, "பார்த்தாலே மனசு கனக்குது." அன்போடு சொல்வதுதான், ஆனால் இரண்டுமே ஓவியத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. இந்தப் பேச்சைக் கேட்டு வரைய வருகிறவர்கள் ஒவ்வொரு விரிசலையும், ஒவ்வொரு ஓட்டையும் எண்ணி எண்ணி வரைகிறார்கள். கடைசியில் வருவது வீட்டின் சேத மதிப்பீட்டு வரைபடம் போல இருக்கிறது. வீடு அதில் இல்லை.

வரையத் தெரிந்தவர்களுக்காக மட்டும் இதை எழுதவில்லை. ஒரு படத்தின் முன் நின்று "இது ஏன் நம்மை நிறுத்துகிறது?" என்று யோசித்த யாரும் படிக்கலாம்.

கண் முதலில் எதைப் பிடிக்கிறது?

அந்தி நேரத்தில் கண்மாய்க்கரை மேல் ஒரு ஆள் நடந்து வருகிறார். முகம் தெரியாது, சட்டை நிறம் தெரியாது. ஆனாலும் "நம்ம சித்தப்பாதான்" என்று சொல்லிவிடுகிறோம். உயரம், தோள் சாய்வு, வானத்துக்கு எதிரே தெரியும் அந்தக் கறுப்பு உருவம், அவ்வளவு போதும். மூக்கும் மீசையும் கிட்டே வந்த பிறகுதான்.

ஓவியத்தையும் கண் இதே வரிசையில்தான் பார்க்கிறது. முதலில் பெரிய வெளிச்சத் திட்டுகள், பெரிய இருட்டுத் திட்டுகள். அவை சரியாக விழுந்திருந்தால் வீடு வீடாகத் தெரியும். விவரங்கள் அதற்கு அப்புறம்.

இங்கே ஒரு சொல் தேவைப்படுகிறது. ஒரு இடம் எந்த நிறமாக இருந்தாலும், எவ்வளவு வெளிச்சமாக அல்லது இருட்டாக இருக்கிறது என்ற அளவை ஓவியர்கள் 'டோன்' என்கிறார்கள். செங்கல் சிவப்பும் வேப்பிலைப் பச்சையும் நிறத்தில் எதிரெதிர். டோனில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கலாம். கைபேசியில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் இது உடனே விளங்கும். நிறம் போய்விடும், டோன் மட்டும் மிஞ்சும்.

நம் ஊர் வெயிலில் இந்தச் சோதனையைச் செய்தால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். வானம்தான் எல்லாவற்றையும் விட வெளிச்சம் என்று நினைத்திருப்போம். ஆனால் நேர் வெயில் படும் சுண்ணாம்புச் சுவர், நீல வானத்தை விட வெளிச்சமாக இருப்பது சகஜம். செம்மண் களம் நடுத்தரம். வருஷக்கணக்கில் பாசி ஏறிக் கறுத்த ஓட்டுக்கூரை அதைவிட இருட்டு. கதவு போன வாசல்தான் எல்லாவற்றிலும் கறுப்பு. இந்த நாலு படிகளைச் சரியாக வைத்துவிட்டால், ஒரு விரிசல் கூடப் போடாமலேயே படம் பாதி முடிந்தது.

'போட்டோ மாதிரி' என்ற பாராட்டு ஏன் பொருந்தாது என்பதும் இங்கேயே தெரிகிறது. வெயில் படும் சுவருக்கும் தொழுவத்தின் உள் இருட்டுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் ஆயிரம் மடங்கைத் தாண்டலாம். வெள்ளைத் தாளுக்கும் அதன் மேல் பூசிய கறுப்புக்கும் உள்ள வித்தியாசமோ நூறு மடங்குகூட வராது. அத்தனை பெரிய வித்தியாசத்தை இத்தனை சிறிய இடத்துக்குள் சுருக்க வேண்டும். அதனால் ஓவியர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தொழுவத்துக்குள் இருக்கும் கட்டுத்தறியைக் காட்டுவதா, சுவரின் பளீரென்ற வெளுப்பைக் காட்டுவதா? இரண்டையும் முழுசாகக் காட்ட முடியாது. கேமராவுக்கும் இதே சங்கடம்தான். உள்ளே காட்டினால் வெளியே வெளுத்துப்போகும்.

சரி, இதுவரை: கண் முதலில் டோனைத்தான் பார்க்கிறது, விவரத்தை அல்ல. தாளால் உலகத்தின் வெளிச்சத்தை நகல் எடுக்க முடியாது, சுருக்கித்தான் சொல்ல முடியும். எதை விடுவது என்பதில்தான் ஓவியரின் வேலை தொடங்குகிறது.

வீடு சாய்வதற்கு ஒரு ஒழுங்கு உண்டு

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். சிதைவு என்பது கண்டபடி நடப்பதில்லை. பெரும்பாலும் தண்ணீர் போன வழியில்தான் வீடு சிதைகிறது. இதைத் தெரியாமல் போட்ட விரிசல், வானத்தில் மின்னல் வரைந்தது போல நிற்கும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று மட்டும் தெரிந்துவிடும்.

கூரையிலிருந்து தொடங்குவோம். நாட்டு ஓடு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது. குரங்கு குதித்தோ, மரக்கிளை உரசியோ ஒரு ஓடு நழுவுகிறது. ஆள் இருக்கும் வீட்டில் கோடையில் ஓடு மாற்றுவார்கள், அதோடு சரியாகிவிடும். ஆள் இல்லாத வீட்டில் ஐப்பசி மழை அந்த ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, கீழே ஓட்டைத் தாங்கி நிற்கும் சாய்வு மரமான கைமரத்தை நனைக்கிறது. நனைந்த மரத்தில் உளுப்பு ஏறும், கரையானும் வரும். கைமரம் வளைய, அதன் மேல் இருக்கும் ஓடுகள் இன்னும் விலகும். இன்னும் தண்ணீர் வரும். சில வருஷங்களில் கூரையின் முகட்டுக்கோடு நேராக இல்லாமல், நடுவில் குழிந்து தொங்க ஆரம்பிக்கிறது.

அந்த ஒரு குழிவான கோடுதான் முழுப் படத்திலும் மிக அதிகம் பேசும் கோடு. அளவுகோல் வைத்தாற்போல் நேரான முகட்டைப் போட்டுவிட்டு, கீழே சுவரில் இருபது விரிசல் வரைந்தாலும் அது பழைய வீடாகாது. முகட்டை மட்டும் சரியாகத் தொங்கவிட்டால் விரிசலே வேண்டியதில்லை.

அடுத்தது சுவர். கூரை போன இடத்தில் மண்சுவரின் தலை மழையில் கரைகிறது. அதனால் உடைந்த மண்சுவரின் மேல்விளிம்பு கூர்மையாக இருக்காது, மழுங்கி வழிந்திருக்கும். செங்கல் சுவர் உடைந்தால் படிப்படியாக நிற்கும், செம்புறாங்கல் சுவர் கட்டி கட்டியாகப் பெயரும். மூன்றும் மூன்று விதமான விளிம்பு. ஒன்றுக்கு இன்னொன்றின் விளிம்பைப் போட்டால் ஊர்க்காரர் ஒருவர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

சுவரின் அடிப்பாகம் வேறு கதை. தாழ்வாரத்திலிருந்து கொட்டும் மழை தரையில் பட்டுத் தெறித்துச் சுவரின் அடியை அரிக்கிறது. அது போதாதென்று, ஈரமண்ணிலிருந்து நீர் சுவருக்குள் மேலே ஏறுகிறது. நுண்துளைகள் வழியே நீர் தானாக மேலேறுவதை 'நுண்குழாய் ஏற்றம்' என்பார்கள். திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனால்தான். ஏறும் நீரில் மண்ணின் உப்பு கரைந்திருக்கும். நீர் ஆவியாகிப்போக, உப்பு மட்டும் சுவருக்குள் படிகமாகத் தங்கிப் பூச்சை உள்ளிருந்து தள்ளும். அதனால்தான் சுண்ணாம்புப் பூச்சு சுவரின் கீழ்ப்பகுதியில் முதலில் உதிர்கிறது. ஒரு முழம், இரண்டு முழம் உயரத்துக்கு அலையலையான ஒரு எல்லை, அதற்கு மேலே வெள்ளை, கீழே செம்மண். அந்த எல்லைக்கோட்டைச் சுவர் முழுக்க ஓடவிட்டால் போதும்.

சுவரில் மேலிருந்து கீழாக இறங்கும் கறுப்புக் கோடுகளைக் கவனித்திருப்பீர்கள். அது அழுக்கு மட்டும் இல்லை. நீர் வழிந்த தடத்தில் பாசியும் பூஞ்சையும் வளர்ந்து, வெயிலில் காய்ந்து கறுத்தது. ஆகவே அந்தக் கோடு எப்போதும் நீர் வழியும் இடத்துக்குக் கீழேதான் இருக்கும். சன்னல் ஓரத்தின் மூலைக்குக் கீழே, உடைந்த இறவாணத்துக்கு, அதாவது கூரையின் ஓரத்துக்குக் கீழே. காரணமில்லாமல் சுவரின் நடுவே ஒரு கறுப்புக் கோடு இறங்காது.

அப்புறம், சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று. பறவை எச்சத்தோடு விழுந்த விதை, ஈரம் தங்கும் இணைப்பில் வேர் பிடிக்கிறது. வேர் தடிக்கத் தடிக்க வெடிப்பும் அகலமாகிறது. கன்றை அலங்காரத்துக்காக எங்கேயோ செருகக்கூடாது. அது நிற்கும் இடத்தில் ஈரத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், பாழடைந்த வீட்டை வரைகிறவர் தண்ணீர் எங்கே விழுந்தது, எங்கே இறங்கியது, எங்கே ஏறியது என்று மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். சேதம் தானாக அதனதன் இடத்தில் வந்து உட்காரும்.

மண்ணும் வண்ணமும் ஒரே பொருள்

வண்ணக் கடையில் பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர் என்று கேட்டு வாங்குகிறோம். ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் போலத் தோன்றும். இவை அடிப்படையில் மண் வண்ணங்கள். நிறம் கொடுப்பது இரும்பு ஆக்சைடு, அதாவது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கூட்டு. செட்டிநாட்டுச் செம்மண்ணைச் சிவக்க வைத்திருப்பதும் அதேதான், செம்புறாங்கல்லின் நிறமும் அதேதான்.

மஞ்சள் மண்ணில் இரும்போடு நீரும் சேர்ந்திருக்கிறது. அதைச் சுட்டால் நீர் போய்ச் சிவப்பாகிறது. பர்ன்ட் சியன்னா என்ற வண்ணத்தைப் பழைய முறையில் இப்படிச் சுட்டுத்தான் எடுத்தார்கள். சூளையில் வைத்த ஓடு சிவப்பதும் இதே மாற்றத்தால்தான். இன்று டியூபில் வரும் வண்ணங்களில் பல தொழிற்சாலையில் தயாரித்த இரும்பு ஆக்சைடுதான், என்றாலும் பொருள் மாறவில்லை.

இதனால் ஒரு நடைமுறை லாபம் உண்டு. இந்த வீட்டை வரைய பன்னிரண்டு டியூப் தேவையில்லை. யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ரமரைன் நீலம் மூன்றும் இருந்தால் போதும். பர்ன்ட் சியன்னாவையும் அல்ட்ரமரைனையும் கலந்தால் அழகான சாம்பல் நிறங்கள் வரும். சிவப்புப் பக்கம் சாய்த்தால் காய்ந்த மரம், நீலப் பக்கம் சாய்த்தால் மழைக்கால மேகம், இரண்டும் சமமாகக் கெட்டியாகச் சேர்த்தால் வாசல் இருட்டு. டியூபில் இருக்கும் கறுப்பைத் தொடாமலிருப்பது நல்லது என்பது என் கருத்து. அது வீட்டுக்குள் ஓட்டை போட்டது போல் செத்துக் கிடக்கும்.

தூரம் எப்படித் தெரிகிறது?

பயிற்சி வீடியோக்களில் "தூரத்தை நீலமாக்கு" என்று சொல்லிக்கொடுப்பார்கள். தூரம் போகப் போகப் பொருட்கள் வெளிறி, நிறம் மாறித் தெரிவதைக் 'காற்றுவெளிப் பெர்ஸ்பெக்டிவ்' என்று வைத்துக்கொள்வோம். லியோனார்டோ டா வின்சி இதைப் பற்றித் தன் குறிப்புகளில் விரிவாக எழுதியிருக்கிறார். காரணம் பின்னால்தான் தெளிவானது. 1871-ல் லார்ட் ரேலி என்று பின்னாளில் அழைக்கப்பட்ட ஆங்கிலேய விஞ்ஞானி, மிக நுண்ணிய துகள்களில் பட்டு ஒளி சிதறும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பை விடச் சுமார் 4 மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. நமக்கும் தூரத்து மலைக்கும் நடுவே இருக்கும் அத்தனை காற்றும் இப்படி நீலத்தைச் சிதறவிடுவதால் மலை நீலமாகத் தெரிகிறது.

ஆனால் செட்டிநாட்டில் தூரத்தில் மலை எங்கே இருக்கிறது? தட்டையான பூமி. தூரம் என்றால் ஒரு கண்மாய்க்கரை, அதன் மேல் வரிசையாகப் பனை, அதற்கு இந்தப் பக்கம் சீமைக்கருவேலம். பங்குனி, சித்திரையில் இங்கே காற்றில் நிற்பது தூசி. தூசி, காற்றின் மூலக்கூறை விடப் பல மடங்கு பெரியது. அவ்வளவு பெரிய துகள் எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிக்கும். அதனால் கோடையில் நம் தூரம் நீலமாகாது, வெளிறும். கொஞ்சம் பழுப்பேறிய வெள்ளையாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை தூசியைக் கழுவிய பிறகு அதே பனைவரிசை நீலச்சாயலோடு தெளிவாகத் தெரியும். வீடியோவில் பார்த்த நீலத்தைச் சித்திரை மாதத்துப் பனைக்குப் பூசினால் படம் ஏதோ ஐரோப்பியக் கிராமத்துக்குப் போய்விடும்.

நிழலிலும் இதே போல ஒரு சிக்கல். "நிழல் நீலம்" என்பார்கள். வெயில் மறைந்த இடத்துக்கு நீல வானத்தின் ஒளி வந்து விழுவதால் அது உண்மைதான். ஆனால் தாழ்வாரத்தின் அடியில் வானம் தெரியாது, கூரை மறைக்கிறது. அங்கே விழுவது களத்துச் செம்மண்ணில் பட்டுத் திரும்பும் வெயில். ஆகவே திண்ணைக்கு மேலே இருக்கும் வெள்ளைச் சுவரின் நிழல் காவிச்சாயலோடு உள்ளிருந்து ஒளிர்வது போல இருக்கும். காலை பத்து மணிக்கு எந்த ஓட்டு வீட்டின் முன் நின்று பார்த்தாலும் தெரியும். அந்தச் செம்மை ஒளியைப் பிடித்துவிட்டால், இது எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

விளிம்பைத் தொலைப்பது

இது சிறிய விஷயம், ஆனால் பலர் கவனிப்பதில்லை. இரண்டு பகுதிகள் சந்திக்கும் கோட்டை 'விளிம்பு' என்போம். எல்லா விளிம்பையும் ஒரே கூர்மையில் வரைந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். வெயில் சுவர் இருண்ட வாசலைச் சந்திக்கும் இடத்தில் கூர்மை. கூரையின் நிழல்பக்கம் பின்னால் இருக்கும் வேப்பமரத்தின் இருட்டோடு சேரும் இடத்தில் விளிம்பே வேண்டாம், ஈர வண்ணத்தோடு ஈர வண்ணத்தைக் கலக்கவிட்டு விட்டுவிடலாம். பாழடைந்த வீடு மண்ணோடு சேர்ந்துகொண்டிருக்கிறது என்ற உணர்வு பாதிக்கு மேல் இந்தத் தொலைந்த விளிம்புகளால்தான் வருகிறது. சரிந்த மண்சுவரின் அடி எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று நேரிலேயே தெரியாது. படத்திலும் தெரிய வேண்டாம்.

மனசு கனப்பது எதனால்?

பாழடைந்த வீடு என்றால் சோகம் தானாக வந்துவிடும் என்று நம்பி, ஒரு பட்ட மரம், அதன் மேல் ஒரு காகம், திண்ணையில் கூனிக் குறுகிய கிழவர் என்று சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. அது பார்க்கிறவரின் கையைப் பிடித்து அழச் சொல்வது.

இடிபாடுகளை அழகுக்காகத் தேடிப்போய் வரையும் பழக்கம் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய மோகமாக இருந்தது. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் அந்தக் கண்ணோடுதான் 1792-ல் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, மதுரையில் சிதைந்து நின்ற திருமலை நாயக்கர் அரண்மனையை வரைந்தார்கள். அரண்மனைக்கு அந்தக் கண் பொருந்தலாம். ஆனால் நம் முன்னால் இருப்பது ஒரு குடும்பம் நெல் அடித்த களம்.

நம்மிடம் இதற்கு இன்னும் பழைய ஒரு பார்வை இருக்கிறது. சங்கப் பாடல் ஒன்றில் ஆள் விட்டுப்போன பொதியில், அதாவது ஊர்ப் பொதுமன்றம் ஒன்று வருகிறது. நரைத்த பெரியவர்கள் உட்கார்ந்து சூதாடிய இடம் அது. காய் வைத்து வைத்துத் தரை குழிந்திருக்கிறது. இப்போது அந்தக் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. "ஐயோ" என்று ஒரு வார்த்தை கிடையாது. குழி, முட்டை, அவ்வளவுதான். எத்தனை காலம் எத்தனை பேர் ஆடினார்கள் என்பதைக் குழி சொல்கிறது, எத்தனை காலமாக யாரும் இல்லை என்பதை முட்டை சொல்கிறது.

வயக்காட்டு வீட்டிலும் அப்படி ஒரு தடயம் இருக்கும். கிணற்று மேட்டில் கயிறு உரசி உரசிக் கல்லில் விழுந்த பள்ளம். தொழுவத்து மரத்தூணில் மாடு உரசி வழவழப்பான இடம். சுவரில் விளக்கு வைக்கும் மாடத்தின் மேலே படிந்த புகைக்கறுப்பு. இதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, படத்தில் மிகக் கூர்மையான விளிம்பை அங்கே வைத்தால் போதும். மற்றதெல்லாம் டோனாகவே இருக்கட்டும். ஆள் இல்லாத வீட்டில் ஆள் இருந்த சுவடுதான் நம்மை நிறுத்துகிறது. இடிந்தது எவ்வளவு என்பதைக் கணக்கெடுப்பதால் அது வருவதில்லை.

முதல் படம் போடுகிறவர்களுக்கு

மதிய வெயிலில் போகாதீர்கள். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நம் பகுதியில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும். டோன் படிகள் எல்லாம் கலங்கும். காலை ஏழிலிருந்து ஒன்பதரை, இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல். சாய்ந்த வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு மேடு பள்ளமும் தானே நிழல் போட்டுக் காட்டும்.

கொஞ்சம் சொரசொரப்பான நீர்வண்ணத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் படம், பென்சிலால், மூன்றே டோன்: தாள் வெள்ளை, நடுத்தரம், கறுப்பு. அது வீடாகத் தெரியும்வரை பெரிய தாளைத் தொட வேண்டாம். பெரிய தாளில் வெயில் சுவரின் இடத்தை வெறும் தாளாகவே விட்டுவிடுங்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட இடம்தான். பூச்சு உதிர்ந்த பகுதிக்கு, தண்ணீர் உதறிய தூரிகையில் கெட்டியாக வண்ணம் எடுத்துத் தாளின் மேல் படுக்க வைத்து இழுங்கள். தாளின் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டி, பள்ளம் வெள்ளையாக நிற்கும். நூறு புள்ளி வைத்தாலும் வராத சுவர் ஒரு இழுப்பில் வரும். பழகும்வரை வேறொரு துண்டுத் தாளில் இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உட்காருவதற்கு முன் பக்கத்துக் காட்டில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பூட்டிக் கிடந்தாலும் அது யாரோ ஒருவருடைய வீடு. கேட்டால் சொல்வார்கள்: எந்த மழைக்கு மேற்குச் சுவர் விழுந்தது, தொழுவத்தில் எத்தனை மாடு நின்றது, ஓடுகளை யார் கழற்றிக்கொண்டு போனார்கள். இறங்கிய கூரை எந்தப் பக்கமிருந்து இறங்கத் தொடங்கியது என்பதை மட்டும் மறக்காமல் கேட்டு, பென்சிலால் முகட்டுக்கோட்டை அங்கிருந்தே தொடங்குங்கள்.